வெங்காயச் செல்லில் உட்கருமணியைப் பார்ப்பதும் படிப்பதும்

செய்முறைப் பதிவேட்டில் செல்லின் படத்தை வரையும் மாணவர், உட்கருவின் நடுவே பென்சிலை அழுத்தி ஒரு கரும்புள்ளி வைத்து, அதிலிருந்து ஒரு கோடு இழுத்து ‘உட்கருமணி’ என்று எழுதிவிடுகிறார். அந்தப் புள்ளியைத் தம் கண்ணால் பார்த்துவிட்டு வரைபவர்கள் மிகக் குறைவு. பார்க்க முடியாத அளவுக்கு அது சிறியதும் அன்று. வெங்காயச் செல்லின் உட்கருமணி ஏறத்தாழ 2 முதல் 5 மைக்ரோமீட்டர் வரை விட்டமுடையது. ஒளி நுண்ணோக்கி பிரித்துக் காட்டக்கூடிய மிகச் சிறிய இடைவெளியோ 0.2 மைக்ரோமீட்டர் அளவில் இருக்கிறது. ஆகவே பள்ளி ஆய்வகத்தில் உள்ள சாதாரண நுண்ணோக்கியே இதற்குப் போதுமானது. எதைப் பார்ப்பது, எப்படித் தயாரிப்பது, பார்த்ததை எவ்வாறு பொருள்கொள்வது என்பவை தெரிந்தால் போதும்.

தமிழ்நாட்டில் நியூக்ளியோலஸ் என்றும் உட்கருமணி என்றும், இலங்கை வழக்கில் புன்கரு என்றும் சொல்லப்படும் இதைப் பற்றித் தொடக்கத்திலேயே ஒன்றைத் தெளிவுபடுத்திவிட வேண்டும். உட்கருமணியைச் சுற்றிச் சவ்வு கிடையாது. புரதங்களைச் செய்யும் துகள்களான ரைபோசோம்களை உருவாக்கும் வேலை உட்கருவுக்குள் எங்கே நடக்கிறதோ, அங்கே ஆர்.என்.ஏ.வும் புரதங்களும் அடர்ந்து திரண்டு நிற்பதைத்தான் நாம் மணியாகக் காண்கிறோம். வேலை மிகுந்தால் அது பெருக்கிறது, குறைந்தால் சிறுக்கிறது, செல் பகுப்பின்போது வேலை நின்றால் கலைந்து மறைகிறது. இதை மனத்தில் இருத்திக்கொண்டு நுண்ணோக்கியின் முன் அமர்பவருக்கு, ஒவ்வொரு செல்லும் தான் அப்போது என்ன செய்துகொண்டிருக்கிறது என்பதைத் தானே சொல்லும்.

தேவையான பொருள்கள்

தோல் உரிப்பதற்குப் பெரிய வெங்காயம், அதாவது பல்லாரி, நல்லது. அதன் சதைப்பற்றான செதிலிலிருந்து மெல்லிய தோல் கிழியாமல் வரும். வேர் வளர்ப்பதற்குச் சின்ன வெங்காயமே சிறந்தது. தண்ணீர் பட்ட சில நாள்களிலேயே அது வேர்விட்டுவிடும். இவற்றோடு ஸ்லைடுகள், கவர் ஸ்லிப்புகள், இரண்டு ஊசிகள், சாமணம், சவரப் பிளேடு, சொட்டுக்குழாய், வடிதாள் ஆகியவை வேண்டும். நுண்ணோக்கியில் 10 மடங்கு கண்ணருகு வில்லையும் 40 மடங்கு பொருளருகு வில்லையும் இருந்தால், கிடைக்கும் 400 மடங்கு உருப்பெருக்கம் போதுமானது.

இரசாயனங்களில் முதலாவது அயோடின் கரைசல். இரண்டாவது 0.05 விழுக்காட்டு டொலுயிடின் நீலம்; 100 மில்லிலிட்டர் வாலைவடிநீரில் 50 மில்லிகிராம் சாயத்தைக் கரைத்து வடிகட்டினால் அது கிடைக்கும். மூன்று பங்கு எத்தில் ஆல்கஹாலுடன் ஒரு பங்கு கிளேசியல் அசிட்டிக் அமிலம் கலந்த நிலைநிறுத்தும் கரைசலும் தேவை; இதை வேண்டும்போது புதிதாகக் கலந்துகொள்வதே முறை, கலந்து வைத்துப் பழையதாக்கக் கூடாது. வேர்நுனிக்கு 45 விழுக்காட்டு அசிட்டிக் அமிலமும், 1 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் கூடுதலாக வேண்டும். கிளேசியல் அசிட்டிக் அமிலம் தோலைச் சுட்டுவிடும், அதன் ஆவி மூக்கையும் கண்ணையும் எரிக்கும். ஆல்கஹால் தீப்பற்றக் கூடியது. கையுறையும் கண் கண்ணாடியும் அணிந்து, காற்றோட்டமுள்ள இடத்தில், நெருப்பு ஏதும் அருகில் இல்லாதபோது, ஆசிரியரின் மேற்பார்வையில்தான் இவற்றைக் கையாள வேண்டும்.

கன்னத்தின் உட்புறத்தைச் சுரண்டி எடுத்த செல்களில் இதைத் தேட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அங்கே மேற்பரப்பில் உதிரும் நிலையில் இருக்கும் செல்களே பெரும்பாலும் கிடைக்கின்றன. அவற்றின் உட்கரு சுருங்கி இறுகிவிட்டிருப்பதால் உட்கருமணி தெளிவாகத் தெரிவதில்லை. அதில் தேடிச் சலித்த மாணவர், அடுத்த முறை நுண்ணோக்கியை நாடவே தயங்குவார்.

முதலில் சாயமின்றிப் பாருங்கள்

வெங்காயத்தை நான்காக வெட்டி, நடுப்பகுதியிலுள்ள சதைப்பற்றான ஒரு செதிலை எடுத்து, அதன் உட்குழிந்த பக்கத்தில் பிளேடால் ஒரு சிறு சதுரத்தைக் கீறிக்கொள்ளுங்கள். சாமணத்தால் அந்தச் சதுரத்தின் ஓரத்தைப் பிடித்து உரித்தால், கண்ணாடித்தாள் போன்ற ஒற்றையடுக்குத் தோல் வரும். அதை உடனே ஸ்லைடில் உள்ள ஒரு துளி நீரில் மடிப்பின்றிப் பரப்பி, கவர் ஸ்லிப்பை ஒரு விளிம்பிலிருந்து ஊசியால் தாங்கிச் சாய்வாக இறக்குங்கள். காற்றுக் குமிழி சிக்கிக்கொண்டால் அதன் தடித்த கறுப்பு விளிம்பைப் பார்த்துத் தொடக்கநிலை மாணவர் பலர் அதையே உட்கரு என்று எண்ணிவிடுகிறார்கள்.

10 மடங்கு வில்லையில் செல்களின் சுவர்களைக் குவியப்படுத்திய பின் 40 மடங்குக்கு மாறுங்கள். இப்போது மேடைக்குக் கீழுள்ள டயாபிரத்தைப் பாதிக்கு மேல் மூடி, ஒளியைக் குறைக்க வேண்டும். பலரும் தவறவிடும் படி இதுதான். ஒளி நிறைய இருந்தால் உயிருள்ள செல்லின் உள்ளே எல்லாம் வெளுத்துப்போய் ஒன்றுமே தெரியாது. ஒளியைக் குறைத்தவுடன் வெவ்வேறு அடர்த்தியுள்ள பகுதிகள் தம் விளிம்புகளைக் காட்டத் தொடங்கும்.

முதிர்ந்த வெங்காயச் செல்லின் பெரும்பகுதியை நீர் நிறைந்த பையான வாக்குவோல் அடைத்துக்கொள்வதால், உட்கரு பெரும்பாலும் சுவரை ஒட்டித் தள்ளப்பட்டிருக்கும். பக்கச் சுவரில் ஒட்டியிருப்பதை விளிம்பிலிருந்து பார்க்கிறோம். அது ஒடுங்கிய வில்லை போலத் தெரியும், உள்ளே ஒன்றும் புலப்படாது. மேற்சுவரிலோ கீழ்ச்சுவரிலோ ஒட்டியிருக்கும் உட்கருவோ வட்டத் தட்டாக முகம் காட்டும். அப்படி ஒன்றைத் தேர்ந்துகொண்டு, நுண்திருகை முன்னும் பின்னும் மெதுவாக அசையுங்கள். மணல் தூவினாற்போன்ற சாம்பல்நிறத் தட்டுக்குள், கூர்மையான விளிம்புடன் ஒளிரும் ஒன்றோ இரண்டோ உருண்டைகள் தோன்றி மறையும். அவையே உட்கருமணிகள். வெங்காயத்தில் ஓர் உட்கருவுக்குள் ஒன்றிலிருந்து நான்கு வரை காணலாம். செல் உயிரோடிருந்தால், உட்கருவைச் சுற்றிச் சைட்டோபிளாசத்தின் சிறு துகள்கள் வரிசையாக ஓடுவதும் தெரியும். சாயமின்றிப் பார்க்கும்போது மட்டுமே கிட்டும் காட்சி அது. அவசரப்படாமல் சில நிமிடங்கள் அதைப் பார்த்துக்கொண்டிருங்கள்.

பிறகு கவர் ஸ்லிப்பின் ஓர் ஓரத்தில் அயோடின் கரைசலை ஒரு சொட்டு விட்டு, எதிர் ஓரத்தில் வடிதாளை வைத்து உறிஞ்சுங்கள். உட்கரு மஞ்சள் கலந்த பழுப்பு நிறம் பெறும். உட்கருமணி அதைவிடச் சற்று அழுத்தமான நிறத்தில் நிற்கும். அயோடின் இரண்டையும் ஒரே நிறத்திலேயே காட்டுகிறது. வேறுபடுத்திக் காட்டும் வேலையை அடுத்த சாயம் செய்யும்.

டொலுயிடின் நீலம் இடும் முறை

புதிதாக உரித்த தோலை நிலைநிறுத்தும் கரைசலில் பத்து நிமிடம் வையுங்கள். இதனால் செல்லின் புரதங்களும் ஆர்.என்.ஏ.வும் இருந்த இடத்திலேயே படிந்து நிற்கும்; சாயமும் உள்ளே எளிதில் புகும். பிறகு நீரில் இரண்டு மூன்று முறை நன்றாக அலசி, டொலுயிடின் நீலத்தில் ஒன்று அல்லது இரண்டு நிமிடம் இட்டு, மீண்டும் நீரில் அலசிய பின் ஸ்லைடில் பரப்புங்கள். எல்லாமே கருநீலமாக அப்பிப்போயிருந்தால் சாயம் மிகுந்துவிட்டது என்று பொருள். இன்னொரு தோலை எடுத்து நேரத்தைக் குறையுங்கள். இந்த முறை டயாபிரத்தைத் திறந்து ஒளியைக் கூட்டிக்கொள்ள வேண்டும், ஏனெனில் இப்போது விளிம்பையன்று, நிறத்தைப் பார்க்கிறோம்.

டொலுயிடின் நீலம் காரத்தன்மையுள்ள சாயம். அமிலத்தன்மையுள்ள நியூக்ளிக் அமிலங்களைப் பற்றிக்கொள்ளும். ஆர்.என்.ஏ. அடர்ந்த இடம் ஊதா சார்ந்த அழுத்தமான நிறத்தையும், டி.என்.ஏ. உள்ள இடம் நீலம் சார்ந்த நிறத்தையும் பெறும். மெத்தில் பச்சை–பைரோனின் கலவைச் சாயம் கிடைக்கும் கல்லூரி ஆய்வகங்களில் இந்த வேறுபாடு இன்னும் தெளிவாகத் தெரியும்: உட்கரு பச்சை அல்லது நீலப்பச்சையாகவும், அதனுள் உட்கருமணி சிவந்தும் தோன்றும். உட்கருமணியோடு சைட்டோபிளாசமும் சிவந்து காணப்படுவதைக் கவனியுங்கள். அங்கே ரைபோசோம்கள் நிறைந்திருப்பதே அதற்குக் காரணம். மணியில் உருவாகி வெளியேறிய பொருளைத்தான் அந்தச் சிவப்பில் நீங்கள் பார்க்கிறீர்கள்.

வேர்நுனியில் ஓர் ஒப்பீடு

சின்ன வெங்காயத்தின் காய்ந்த வேர்களைச் சீவிவிட்டு, அடிப்பகுதி மட்டும் நீரைத் தொடுமாறு சிறிய கண்ணாடிக் குடுவையின் வாயில் உட்காரவையுங்கள். தண்ணீரை நாள்தோறும் மாற்றுங்கள். வேர்கள் ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டர் வளர்ந்ததும் காலை வேளையில் நுனிகளை ஒரு சென்டிமீட்டர் நீளத்துக்கு வெட்டி, நிலைநிறுத்தும் கரைசலில் ஒரு நாள் வைத்திருந்து, பிறகு 70 விழுக்காட்டு ஆல்கஹாலுக்கு மாற்றிவிடலாம்.

இப்போது அந்த நுனிகளை இரண்டு பங்காகப் பிரியுங்கள். முதல் பங்கை நீரில் அலசி, 60 டிகிரி செல்சியஸ் சூடுள்ள 1 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் எட்டு முதல் பத்து நிமிடம் வைத்து, மீண்டும் அலசி, சாயமிட்டு, நுனியின் கடைசி இரண்டு மில்லிமீட்டரை மட்டும் ஸ்லைடில் வைத்து, கவர் ஸ்லிப்பின் மேல் வடிதாளை வைத்துக் கட்டைவிரலால் நேராக அழுத்துங்கள். இதுதான் செல் பகுப்பைக் காட்டுவதற்குப் பள்ளிகளில் வழக்கமாகச் செய்யும் முறை. செல்கள் அழகாகப் பிரிந்து பரவும். இரண்டாம் பங்கை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் இடாமல், 45 விழுக்காட்டு அசிட்டிக் அமிலத்தில் கால்மணி நேரம் ஊறவைத்து, நீரில் அலசி, டொலுயிடின் நீலமிட்டு, ஊசிகளால் சிறு துணுக்குகளாகப் பிய்த்து அழுத்துங்கள். இந்தப் பங்கில் செல்கள் எளிதில் பிரியா, கொத்தாக நிற்கும். கொத்தின் ஓரங்களில் ஒற்றையடுக்காகப் பரவிய செல்களைத் தேடிப் பிடிக்க வேண்டும். பொறுமை வேண்டிய வேலைதான், ஆனால் அதன் பலன் பெரிது.

இரண்டு ஸ்லைடுகளையும் அடுத்தடுத்துப் பாருங்கள். சூடான அமிலம் பட்ட ஸ்லைடில், பகுப்படையாத உட்கருக்களுக்குள் உட்கருமணி இருந்த இடம் சாயம் ஏறாத வெளிறிய வட்டமாகத் தெரியும். அமிலம் படாத ஸ்லைடில் அதே இடம் உட்கருவிலேயே மிக அழுத்தமான நிறத்துடன் நிற்கும். ஒரே உறுப்பு ஒன்றில் ஓட்டை போலவும் மற்றொன்றில் மணி போலவும் தெரிவதற்குக் காரணம், சூடான அமிலம் ஆர்.என்.ஏ.வைக் கரைத்து வெளியேற்றிவிட்டதே. ‘எங்கள் ஸ்லைடில் உட்கருமணியே தெரியவில்லை’ என்று மாணவர்கள் ஆண்டுதோறும் சொல்வதன் விளக்கமும் இதுதான். அவர்கள் பின்பற்றிய முறை குரோமோசோமைக் காட்டுவதற்காக அமைந்தது, அதன் முதல் படியிலேயே உட்கருமணியின் ஆர்.என்.ஏ. போய்விடுகிறது.

இந்தச் சிறிய ஒப்பீட்டின் பின்னால் ஒரு நீண்ட தேடல் இருக்கிறது. ஃபெலிச்சே ஃபொண்டானா 1781 இல் விலாங்கு மீனின் தோற்கோழையிலிருந்த செல்களை வரைந்தபோதே உட்கருவுக்குள் ஒரு புள்ளியைக் குறித்திருந்தார். 1830களில் ருடால்ஃப் வாக்னரும் காப்ரியேல் வாலென்டினும் அதைத் தனித்து விவரித்தனர்; சிறிய உட்கரு என்ற பொருளில் நியூக்ளியோலஸ் என்ற பெயரும் அந்தக் காலத்ததே. ஆனால் அது எதனால் ஆனது என்பது ஒரு நூற்றாண்டுக் காலம் தெளிவாகவில்லை. ராபர்ட் ஃபாயில்கன் 1924 இல் டி.என்.ஏ.வை மட்டும் நிறமேற்றும் வேதிவினையைக் கண்டறிந்தபோது, உட்கருமணி அந்த நிறத்தை ஏற்கவில்லை. 1940ஐ ஒட்டிய ஆண்டுகளில் பெல்ஜியத்தில் ஜான் பிராஷே, ஆர்.என்.ஏ.வைச் சிதைக்கும் நொதியை இட்டால் உட்கருமணியின் பைரோனின் நிறம் போய்விடுவதைக் காட்டினார். சுவீடனில் டோர்பியோர்ன் காஸ்பெர்சன் புறஊதா நுண்ணோக்கியால் அதே முடிவை அடைந்தார். உங்கள் இரண்டு ஸ்லைடுகளும் அந்தச் சான்றின் எளிய வடிவம்.

வேர்நுனியில் பகுப்பு நிலைகளையும் தேடுங்கள். குரோமோசோம்கள் தடித்த நூல்களாகத் திரளும் புரோஃபேஸின் இறுதியில் உட்கருமணி கலைந்து மறைகிறது. மெட்டாஃபேஸிலும் அனாஃபேஸிலும் அது இருப்பதில்லை. டீலோஃபேஸில் புதிய சேய் உட்கருக்களுக்குள் சிறு சிறு மணிகளாக மீண்டும் தோன்றுகிறது. அது எங்கு வேண்டுமானாலும் தோன்றுவதில்லை. 1931 இல் எமில் ஹைட்ஸ், குரோமோசோமில் இரண்டாம் நிலைச் சுருக்கம் (சென்ட்ரோமியர் அல்லாத மற்றோர் ஒடுங்கிய பகுதி) உள்ள இடங்களோடு உட்கருமணிகள் தொடர்புடையவை என்பதைத் தாவரங்களில் காட்டினார். 1934 இல் பார்பரா மெக்ளிண்டாக், மக்காச்சோளத்தின் ஆறாவது குரோமோசோமில் அத்தகைய இடத்தை ஆராய்ந்தார். அந்த இடம் இரண்டாக உடைந்து ஒரு பகுதி வேறொரு குரோமோசோமுக்கு மாறிவிட்ட செடிகளில், உடைந்த இரண்டு பகுதிகளும் தனித்தனியே உட்கருமணியை உருவாக்கின. உட்கருமணியை அமைக்கும் பகுதி என்று இன்று நாம் அழைப்பது அதைத்தான். மனிதரில் இது 13, 14, 15, 21, 22 ஆகிய குரோமோசோம்களின் குறுங்கைகளில் இருக்கிறது. இரட்டை இரட்டையாகப் பத்து இடங்கள் இருப்பதால், பகுப்பு முடிந்த மனிதச் செல்லில் பத்து சிறு மணிகள் வரை தோன்றக்கூடும்.

பத்தும் பத்தாகவே நீடிப்பதில்லை. அருகருகே வந்தவை ஒன்றாகிவிடுகின்றன. ரசத்தின் மேல் மிதக்கும் நெய்த்துளிகள் தொட்டவுடன் கூடி ஒரே துளியாகி, மீண்டும் வட்டமாவதைப் பார்த்திருப்பீர்கள். உட்கருமணியும் அப்படிப்பட்ட ஒரு திரவத் துளியே என்பதைக் கிளிஃபோர்ட் பிராங்வின், டிமோதி மிட்சிசன், ஆன்டனி ஹைமன் ஆகியோர் 2011 இல் தவளை முட்டைச் செல்களின் உட்கருமணிகளை வைத்துக் காட்டினர். சவ்வு இல்லாமலேயே அது உருண்டையாக நிற்பதும், இரண்டு மணிகள் இணைவதும், வேலை நின்றதும் கரைந்து போவதும் இந்தப் பார்வையில் ஒன்றோடொன்று பொருந்துகின்றன.

நுண்ணோக்கியில் தெரியாத உள்ளமைப்பு

இனி வருவதை உங்கள் ஸ்லைடில் காண இயலாது. எலெக்ட்ரான் நுண்ணோக்கியே காட்டும். விலங்குச் செல்லின் உட்கருமணியில் மூன்று பகுதிகள் ஒன்றினுள் ஒன்றாக அமைந்துள்ளன. உள்ளே வெளிறிய நுண்ணிழை மையங்கள். அவற்றைப் போர்த்தி அடர் நுண்ணிழைப் பகுதி. இவற்றைச் சூழ்ந்து, பெரும்பரப்பை நிரப்பிக்கொண்டு குருணைப் பகுதி. மனப்பாடம் செய்ய மூன்று பெயர்கள் என்று இதைக் கொள்ளாமல், உள்ளிருந்து வெளியே ஒரு பொருள் படிப்படியாக உருப்பெற்று நகரும் பாதை என்று கொண்டால் அமைப்பும் பணியும் ஒன்றாகவே மனத்தில் நிற்கும்.

நுண்ணிழை மையத்தில் ரைபோசோம் ஆர்.என்.ஏ.வுக்கான ஜீன்கள் இருக்கின்றன. மனிதச் செல்லில் இவை ஒன்றன்பின் ஒன்றாகப் பல நூறு பிரதிகள். மையமும் அடர் பகுதியும் சந்திக்கும் எல்லையில் ஆர்.என்.ஏ. பாலிமரேஸ் 1 என்ற நொதி இந்த ஜீன்களைப் படியெடுக்கிறது. 1969 இல் ஆஸ்கர் மில்லரும் பார்பரா பீட்டியும் நீர்நில வாழ்விகளின் முட்டைச் செல்களிலிருந்து இந்த ஜீன்களைப் பிரித்துப் பரப்பி எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் படமெடுத்தனர். ஒரே ஜீனின் மேல் பல நொதிகள் வரிசையாக நகர, ஒவ்வொன்றிலிருந்தும் ஓர் ஆர்.என்.ஏ. இழை தொங்க, தொடக்கத்தில் குட்டையாகவும் முடிவில் நீளமாகவும் உள்ள அந்த இழைகள் சேர்ந்து ஊசியிலை மரம் போன்ற வடிவம் தந்தன. ஜீன் ஒன்று வேலை செய்வதை மனிதக் கண் நேரடியாகப் பார்த்த முதற்காட்சிகளில் அது ஒன்று.

இவ்வாறு உருவாகும் மூல ஆர்.என்.ஏ. மனிதரில் 47எஸ் எனப்படுகிறது (எஸ் என்பது மையவிலக்கில் ஒரு பொருள் படியும் வேகத்தைக் குறிக்கும் அலகு). ஏறக்குறைய 13,000 நியூக்ளியோடைடுகள் நீளமுடையது. அடர் நுண்ணிழைப் பகுதியில் சிறிய வழிகாட்டி ஆர்.என்.ஏ.க்கள் அதன் குறிப்பிட்ட இடங்களைத் தேடி ஒட்டிக்கொள்ள, அந்த இடங்களில் மெத்தில் தொகுதி சேர்ப்பது முதலான வேதி மாற்றங்கள் நடக்கின்றன. ஃபைப்ரில்லாரின் என்ற புரதம் இங்கே முக்கியமானது. வெட்டுதலும் தொடங்குகிறது. இறுதியில் 18எஸ், 5.8எஸ், 28எஸ் என்ற மூன்று துண்டுகள் கிடைக்கின்றன. மூல இழையில் ஏறத்தாழ பாதி வெட்டி நீக்கப்பட்டுவிடுகிறது. தாவரங்களில் பெரிய துண்டு 25எஸ் எனக் குறிக்கப்படும். நான்காவதான 5எஸ் மட்டும் உட்கருமணிக்கு வெளியே, வேறொரு பாலிமரேஸால் படியெடுக்கப்பட்டு உள்ளே வருகிறது. தேர்வில் நான்கும் இங்கேயே உருவாவதாக எழுதி மதிப்பெண் இழப்பவர்கள் பலர்.

குருணைப் பகுதியில்தான் ரைபோசோமின் இரண்டு துணை அலகுகளும் உருப்பெறுகின்றன. 18எஸ் சிறிய அலகான 40எஸ்ஸிலும், மற்ற மூன்றும் பெரிய அலகான 60எஸ்ஸிலும் சேர்கின்றன. ஏறத்தாழ 80 புரதங்கள் அவற்றோடு பிணைகின்றன. அந்தப் புரதங்கள் எங்கிருந்து வருகின்றன? சைட்டோபிளாசத்தில் ஏற்கெனவே உள்ள ரைபோசோம்களால் உருவாக்கப்பட்டு, உட்கருத் துளைகள் வழியாக உள்ளே வருகின்றன. ஆக, பழைய ரைபோசோம் இல்லாமல் புதிய ரைபோசோம் இல்லை. உருவான இரண்டு அலகுகளும் தனித்தனியே வெளியேறி, தூது ஆர்.என்.ஏ.வின் மேல்தான் ஒன்றுசேர்ந்து 80எஸ் ரைபோசோம் ஆகின்றன. உட்கருமணிக்குள் முழு ரைபோசோமைத் தேடக் கூடாது. விரைந்து வளரும் ஈஸ்ட் செல் ஒன்று நிமிடத்துக்கு ஏறத்தாழ 2,000 ரைபோசோம்களை உருவாக்குகிறது என்பதை அறிந்தால், உட்கருவில் இதற்கென இவ்வளவு இடம் ஒதுக்கப்பட்டிருப்பது வியப்பாகத் தோன்றாது.

உட்கருமணி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஆப்பிரிக்க நகத் தவளை விடை தந்தது. ஆக்ஸ்ஃபோர்டில் கண்டறியப்பட்ட ஒரு வகைத் தவளையில், செல்லுக்கு இரண்டுக்குப் பதில் ஒரே உட்கருமணி இருந்தது. அத்தகைய இரண்டு தவளைகளைக் கலந்தால், குஞ்சுகளில் கால் பங்குக்கு உட்கருமணியே இருப்பதில்லை. அவை முட்டையிலிருந்து வெளிவந்து, தலைப்பிரட்டையாகச் சில நாள் வாழ்ந்து, பிறகு இறந்தன. டொனால்ட் பிரவுனும் ஜான் கர்டனும் 1964 இல் இவற்றை ஆராய்ந்து, இந்தக் குஞ்சுகள் புதிய ரைபோசோம் ஆர்.என்.ஏ.வை உருவாக்குவதே இல்லை என்று காட்டினர். அதுவரை அவை வாழ்ந்தது, தாய் முட்டைக்குள் சேர்த்துவைத்துத் தந்த ரைபோசோம்களைக் கொண்டே. உட்கருமணியின் பணியைக் கற்பிக்கும்போது இந்த ஒரு சோதனையை விரிவாகச் சொன்னால் வேறு எதுவும் சொல்ல வேண்டியதில்லை என்பது என் துணிபு.

பாக்டீரியாவுக்கு உட்கரு இல்லை, உட்கருமணியும் இல்லை. ஆனாலும் ரைபோசோம்கள் உண்டு. மைட்டோகாண்ட்ரியாவும் பசுங்கணிகமும் தம் சொந்த ரைபோசோம்களுக்கான ஆர்.என்.ஏ.வைத் தாமே உருவாக்கிக்கொள்கின்றன. ஆகவே ‘எல்லா ரைபோசோம்களும் உட்கருமணியில் உருவாகின்றன’ என்ற வாக்கியம் தவறு.

அளவையும் எண்ணிக்கையையும் படித்தல்

வேர்நுனி ஸ்லைடில் ஆக்குத்திசுச் செல்களின் உட்கருமணியையும், சற்று மேலே வளர்ந்து நீண்ட செல்களின் உட்கருமணியையும் ஒப்பிடுங்கள். இளஞ்செல்லில் அது உட்கருவின் கணிசமான பகுதியை அடைத்திருக்கும். முதிர்ந்த செல்லில் ஒப்பளவில் சிறுத்திருக்கும். கண்ணருகு வில்லையில் பொருத்தும் அளவுகோல் இருந்தால் விட்டத்தை அளந்துகொள்ளலாம். அளக்கும்போது ஒன்றை மறக்கக் கூடாது: விட்டம் இரு மடங்கானால் கன அளவு எட்டு மடங்காகிறது. கண்ணுக்குச் சிறிது பெரியதாகத் தெரிவது உண்மையில் மிகப் பெரிய வேறுபாடு. தாவர உட்கருமணியின் நடுவே சில வேளைகளில் தெளிந்த குழி ஒன்று காணப்படும். அது தயாரிப்பின் குறையன்று, தாவரச் செல்களில் இயல்பாகக் காணப்படுவதே.

பெரிய உட்கருமணி என்றாலே அந்தச் செல் பகுப்படைந்து கொண்டிருக்கிறது என்று முடிவுகட்டுவது பரவலான தவறு. நம் நரம்புச் செல்கள் பகுப்படைவதில்லை. ஆனால் அவற்றின் உட்கருமணி பெரியது, தெளிவானது, ஏனெனில் அவை ஏராளமான புரதத்தை ஓயாமல் உருவாக்க வேண்டியிருக்கிறது. கல்லீரல் செல்லும் அப்படியே. உட்கருமணியின் அளவு ரைபோசோம் தேவையைச் சொல்கிறது. பகுப்பு அந்தத் தேவையின் ஒரு காரணம் மட்டுமே. புராஸ்டேட் சுரப்பியின் திசுவைப் பரிசோதிக்கும் நோய்க்குறியியல் மருத்துவர்கள் துருத்திக்கொண்டு தெரியும் உட்கருமணிகளைப் புற்றுநோயின் அடையாளங்களில் ஒன்றாகக் கொள்கிறார்கள். அப்போதும் அதை மட்டும் வைத்து அவர்கள் முடிவுசெய்வதில்லை.

உட்கருமணி செல்லின் நலத்தைக் கண்காணிக்கும் இடமாகவும் இருக்கிறது. ரைபோசோம் உருவாக்கம் தடைப்பட்டால், அலகுகளில் சேராமல் நின்றுவிட்ட சில ரைபோசோம் புரதங்கள் எம்.டி.எம்.2 என்ற புரதத்தைப் பற்றிக்கொள்கின்றன. அதனால், எம்.டி.எம்.2 வழக்கமாகச் சிதைவுக்கு உள்ளாக்கும் பி53 என்ற காவல் புரதம் சிதைவிலிருந்து தப்பிப் பெருகி, செல்லின் பகுப்பை நிறுத்துகிறது. ரைபோசோம் புரத ஜீன்களின் குறைபாட்டால் குழந்தைகளுக்கு வரும் டைமண்ட்–பிளாக்ஃபான் இரத்தசோகையைப் புரிந்துகொள்ள இந்த வழி உதவுகிறது.

எண்ணிக்கைப் பயிற்சிக்கு, வெங்காயத் தோலில் முகம் காட்டும் 50 உட்கருக்களைத் தேர்ந்து, ஒவ்வொன்றிலும் எத்தனை மணிகள் என்று அட்டவணையிடுங்கள். ஒரே குவியத்தில் நிறுத்தி எண்ணினால் குறைவாகவே கிடைக்கும்; ஒவ்வொரு உட்கருவிலும் நுண்திருகை மேலிருந்து கீழ்வரை நகர்த்தி எண்ண வேண்டும். உட்கருவுக்கு வெளியே கிடக்கும் கரும்புள்ளி சாயத்தின் வீழ்படிவு. அதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. உங்களுக்குக் கிடைக்கும் மிக உயர்ந்த எண், வேலை செய்யும் உட்கருமணி அமைப்புப் பகுதிகள் குறைந்தது அத்தனை உண்டு என்பதைக் காட்டும். அதைவிடக் குறைந்த எண்கள் பெரும்பாலும் மணிகள் இணைந்ததன் விளைவு.

படம் வரையும் முறை

பார்த்ததையே வரையுங்கள். உட்கருவைச் சுற்றி இரட்டைச் சவ்வு உண்டு. ஆனால் ஒளி நுண்ணோக்கியில் அது ஒற்றைக் கோடாகவே தெரியும், ஆகையால் ஒற்றைக் கோடு போதும். உட்கருமணிக்கு விளிம்புக் கோடு வேண்டாம். கோடு போட்டால் சவ்வு இருப்பதாகப் பொருளாகிவிடும். பென்சிலைச் சாய்த்துப் பிடித்து, அடர்ந்த நிழலாகத் தீட்டி, நிழலின் ஓரத்திலேயே அதன் எல்லையைக் காட்டுங்கள். அது நடுவில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. நீங்கள் பார்த்த உட்கருவில் இரண்டு மணிகள் ஓரமாக இருந்தால் இரண்டையும் ஓரமாகவே வரையுங்கள். நுண்ணிழை மையம் முதலான மூன்று பகுதிகளை இந்தப் படத்தில் சேர்க்காமல், எலெக்ட்ரான் நுண்ணோக்கிப் படத்துக்கு என்று தனியே ஒரு பக்கம் ஒதுக்குங்கள். படத்தின் கீழே, எந்தச் செதிலிலிருந்து தோல் எடுத்தீர்கள், எந்தச் சாயம், எத்தனை நிமிடம், எத்தனை மடங்கு உருப்பெருக்கம், சூடான அமிலம் பட்டதா இல்லையா என்பவற்றை எழுதிவையுங்கள். வெளிறிய வட்டமாக ஒரு மணியை வரைந்திருந்தால், அந்தக் கடைசிக் குறிப்பு இல்லாமல் உங்கள் படத்தை எவராலும் சரியாகப் படிக்க இயலாது.